ரேஞ்சரைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுகிறேன், குறை சொல்ல வாருங்கள் (டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 5ஆம் பதிப்பு)

உருண்டபகடை

பகடை உருட்டிக் கதை நடத்தும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசை ஆட்டத்தில் அக்கா மகள் ரேஞ்சராக, அதாவது காட்டில் தடம் பார்த்து வேட்டையாடும் வீரராக, ஆடுகிறாள். பாத்திரம் உருவாக்கிய நாளில் 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தைத்தான் கையில் கொடுத்தேன்; என் அலமாரியில் இருந்தது அது ஒன்றுதான். பழகிய நிலமாகக் காட்டைத் தேர்ந்தெடுத்தாள். ஃபேவர்டு எனிமி என்ற இடத்தில் நடைப்பிணங்களை எழுதிக்கொண்டாள். அதற்கு எங்கள் மேசையில் ஜென்மப் பகை என்று பெயர்.

மூன்றாவது வாரமே குழு கப்பலேறிவிட்டது. அடுத்த எட்டு வாரம் கடல், துறைமுகம், ஒரு நகரத்தின் சாக்கடை. காடும் இல்லை, பிணமும் இல்லை. பாத்திரத் தாளில் அந்தத் திறனுக்கு எதிரே பென்சிலால் 'காடு: விடுமுறையில்' என்று எழுதி வைத்திருந்தாள். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒருவழியாகக் காடு வந்தது. மனம் கேளாமல் மூன்று நாள் பயணத்தை அவளுக்காகவே எழுதினேன். மூடுபனி, வெள்ளம் புரண்ட ஓடை, தவறான ஒற்றையடிப் பாதை, குறைந்துகொண்டே வரும் உணவு. மூன்று பக்கம். ஆட்டம் தொடங்கியதும் அவள் தாளைப் பார்த்து வாசித்தாள்: பழகிய நிலத்தில் கரடுமுரடான தரை குழுவின் வேகத்தைக் குறைக்காது, மந்திரத்தால் அன்றி வழி தவறாது, உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும். என் மூன்று பக்கமும் ஒரே மூச்சில் தீர்ந்தது. 'மூன்று நாள் கழித்துக் காட்டின் மறுகரையில் நிற்கிறீர்கள்' என்றேன். 'அவ்வளவுதானா மாமா?' என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் இந்த இழைக்குக் காரணம். பழகிய நிலத்துக்கு வெளியே அந்தத் திறன் வெறும் காகிதம். உள்ளே வந்தாலோ ஆட்டமே இல்லை. சமையற்காரருக்குக் கொடுக்கும் சிறப்புச் சலுகை 'நீங்கள் இருந்தால் யாருக்கும் பசிக்காது' என்று இருந்தால் அவர் எப்போது அடுப்பு மூட்டுவது?

என் வரைவு இதுதான். ஜென்மப் பகை, பழகிய நிலம், மூன்றாம் நிலையில் வரும் பிரைமீவல் அவேர்னஸ் (சில வகை உயிர்கள் அருகில் உண்டா என்று உணரும் திறன்) மூன்றையும் எடுத்துவிடுகிறேன். அவற்றின் இடத்தில் ஒரே திறன்: தடம்.

ஏதோ ஒன்று கடந்துபோன இடத்தில் பத்து நிமிடம் செலவழித்து, பகடை உருட்டிப் பார்க்கும் சர்வைவல் (காட்டுப் பிழைப்பு) சோதனையில் தேறினால், ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் ஒரு கேள்வி கேட்கலாம். நன்றாகத் தேறினால் இரண்டு. எத்தனை பேர்? எவ்வளவு நேரத்துக்கு முன்? எதைச் சுமந்துகொண்டு போனார்கள்? யாருக்குக் காயம்? எதற்குப் பயந்தார்கள்? பதில் உண்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு 'தடம்' கைக்கு வரும். நிலை ஏற ஏற வளரும் தேர்ச்சி போனஸ் எவ்வளவோ அவ்வளவு வரை சேர்த்துக்கொள்ளலாம். அதே ஆட்களோடு மோதும்போது, தன் அடி எதிரிமேல் பட்ட பிறகு ஒரு தடத்தைச் செலவழித்தால் இரண்டு ஆறுமுகப் பகடை கூடுதல் சேதம். அல்லது தோழர் ஒருவருக்கு அனுகூலம் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) கொடுக்கலாம்.

வழி தவறுவதையும் ஒழிக்கவில்லை. சோதனையில் தோற்றால் டிஎம் இரண்டு கேடுகளைச் சொல்ல வேண்டும், எது நடக்கட்டும் என்று ரேஞ்சர் தேர்ந்தெடுப்பார். அரை நாள் வீணாகலாம், அல்லது யாரோ ஒருவருடைய வேட்டை எல்லைக்குள் கால் வைக்கலாம்.

அடியுங்கள்.

விதிவிலக்கு

இவ்வளவு சிரமம் எதற்கு? 2020இல் வந்த துணை விதிப்புத்தகமான டாஷாவின் தொகுப்பிலேயே மாற்றுத் திறன்கள் இருக்கின்றன. 2024 புத்தகத்தில் பழகிய நிலம் என்ற பேச்சே இல்லை. ஹன்டர்ஸ் மார்க், அதாவது குறிவைத்த எதிரிமேல் படும் ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை சேதம் கூட்டும் மந்திரம், எப்போதும் தயாராக இருக்கும். முதல் நிலையிலேயே நாளுக்கு இரண்டு முறை இலவசம். ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு தனி உத்தி தரும் வெப்பன் மாஸ்டரி உண்டு, இரண்டாம் நிலையில் ஒரு துறையில் இரட்டைத் தேர்ச்சி உண்டு, ஆறாம் நிலையில் பத்தடி கூடுதல் வேகத்தோடு ஏறவும் நீந்தவும் முடியும். புதுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

உருண்டபகடை

அதைப் புரட்டிப் பார்த்தேன் நண்பரே. 13ஆம் நிலையில் கிடைப்பது ஹன்டர்ஸ் மார்க் அடிபட்டுக் கலையாது என்பது. 17இல் மார்க் வைத்தவன் மீது அனுகூலம். 20இல் மார்க்கின் ஆறுமுகப் பகடை பத்துமுகப் பகடையாகிறது. சராசரி 3.5 என்பது 5.5 ஆகிறது. இருபது நிலை ஏறி வந்தவளுக்கு அடிக்கு இரண்டு புள்ளி. ஒரே மந்திரத்துக்கு நான்கு முறை சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அந்த மந்திரமோ மனக்குவிப்பு கேட்பது, அப்படிப்பட்டவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்க முடியும். ரேஞ்சரின் மற்ற நல்ல மந்திரங்களில் பாதிக்கு மேல் அதையே கேட்பவை. 2022இல் சோதனைக்கு விட்ட முன்வரைவில் ரேஞ்சருக்கு மட்டும் அந்த நிபந்தனையைத் தளர்த்தியிருந்தார்கள். அச்சுக்குப் போகும்போது அது திரும்பி வந்துவிட்டது.

சரி, அது சேதக் கணக்கு. என் குறை அங்கே இல்லை. காட்டில் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2014 புத்தகம் 'ஒன்றும் செய்யத் தேவையில்லை' என்றது. 2024 புத்தகம் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை.

மூத்த கோப்ளின்

தம்பி, ரேஞ்சர் என்ற இந்த வகுப்பை, அதாவது பாத்திர வகையை, ஐம்பது ஆண்டுகளாகப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறார்கள். நீங்கள் முதல் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

1975இல் ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ இதழில் ஜோ ஃபிஷர் எழுதிய வடிவம்தான் முதல் ரேஞ்சர். ஆள் யார் என்பதில் ரகசியம் இல்லை, 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் அரகார்ன்தான். 1978 விதிப்புத்தகத்தில் பத்தாம் நிலை ரேஞ்சருக்குத் தொலைவில் நடப்பதைக் காட்டும் மந்திரப் பொருள்களைக் கையாள உரிமை உண்டு. ஏன் என்று புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அதே நாவலில் தொலைவைக் காட்டும் பலன்டீர் கல்லை நினைத்துக்கொண்டால் புரியும். முதல் நிலையிலேயே உயிர்ப்புள்ளிக்கு இரண்டு எண்முகப் பகடை. ராட்சத வகை எதிரிகள் மீது நிலைக்கு ஒன்று வீதம் கூடுதல் சேதம். அந்த வகையில் கோப்ளின், ஓர்க், கோபோல்டு எல்லாம் அடக்கம் என்பதால் இன்றைய ஜென்மப் பகை போல அது தூங்கிக் கிடக்கவில்லை, வாராவாரம் வேலை செய்தது. (என் பெயரைப் பார்த்தால் தெரியும், நான் எந்தப் பக்கத்தில் நின்று அடி வாங்கினேன் என்று.)

நான் விரும்பியது வேறொன்று. ரேஞ்சரை எதிரி ஆறில் ஒரு முறைதான் எதிர்பாராமல் மடக்க முடியும். மற்றவர்களை ஆறில் இரண்டு முறை. ரேஞ்சர் எதிரியை ஆறில் மூன்று முறை மடக்குவார். காட்டிலா நகரத்திலா என்று அந்த விதி கேட்காது. ஆள் விழிப்பானவர், அவ்வளவுதான். ஒரே எண்ணில் ஒரு மனிதரைக் காட்டிவிட்டார்கள்.

1989இல் இரண்டாம் பதிப்பு கையில் இரண்டு வாளைக் கொடுத்தது. 2000இல் மூன்றாம் பதிப்பு ஜென்மப் பகையைப் பட்டியலாக்கியது. 2003இல் அதைத் திருத்தி வில்லா இரட்டை வாளா என்று கேட்டார்கள். 2008இல் நான்காம் பதிப்பு மந்திரத்தையே பிடுங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி ரேஞ்சர் எப்படிச் சண்டை போடுவார் என்பது. சண்டைக்கு முந்தைய நாள் ரேஞ்சர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அதனால் படிக்கிறேன்.

ஓரமாய் ஓர்க்

ஓநாயை விட்டுவிட்டீர்கள். விலங்குத் துணையோடு வரும் ரேஞ்சர் உட்பிரிவான 2014 பீஸ்ட் மாஸ்டரில் ஓநாய் கடிக்க வேண்டுமென்றால் எஜமானர் தன் செயலைக் கொடுக்க வேண்டும். திருத்தம் வந்த பிறகு எஜமானர் மயங்கி விழுந்தால் மட்டும் அது தானாகச் சண்டை போடும். என் நண்பனின் ஓநாய் அவன் மூர்ச்சையாகும் நாளுக்காகக் காத்திருந்ததாகவே நாங்கள் பேசிக்கொள்வோம்.

உருண்டபகடை

ஓநாய் தனி இழைக்குப் போகட்டும். டாஷா தொகுப்பில் ஓநாய்க்கான கட்டளையை, செயலோடு சேர்த்துக் கிடைக்கும் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனுக்கு மாற்றி ஓரளவு சரிசெய்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

ஐந்தாம் நிலை. இரண்டு தாக்குதல். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 65 சதவீத வெற்றி. நான்கு சுற்றுச் சண்டை.

ஹன்டர்ஸ் மார்க்: எட்டு தாக்குதலில் 5.2 படும். தலா 3.5. மொத்தம் 18.2.
உங்கள் தடம்: மூன்று வைத்திருப்பாள். பட்ட பிறகுதான் செலவு, ஆகவே வீணாகாது. தலா 7. மொத்தம் 21.

மந்திரமும் செலவில்லை, மனக்குவிப்பும் இல்லை, போனஸ் ஆக்‌ஷனும் இல்லை. கொஞ்சம் அதிகம், அநியாயம் இல்லை. ஆனால் அது தடம் பார்த்த நாளில். சந்துமுனையில் யாரோ பாய்ந்தால்? பூஜ்யம். பழைய ஜென்மப் பகையின் வியாதி அப்படியே இருக்கிறது. டிஎம் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

விதிவிலக்கு

கணக்குப்பிள்ளை சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நீங்கள் நல்ல டிஎம், தடம் வைப்பீர்கள். அவசரத்தில் ஆட்டம் நடத்துகிறவர் வைக்க மாட்டார். விதி என்பது சோம்பலான டிஎம்மிடமும் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று. காட்டுப் பிழைப்பை ரேஞ்சரின் தனிச்சொத்தாக ஆக்க முடியாமல் போனதற்கு ரேஞ்சர் மட்டும் காரணம் இல்லை. அதே 2014 புத்தகத்தில் அவுட்லேண்டர் என்ற பின்னணியை எடுத்தால் நாள்தோறும் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் உணவும் நீரும் கண்டுபிடிக்கலாம், அந்த நிலம் கொடுக்குமானால். சோதனை கிடையாது. எந்த வகுப்பும் எடுக்கலாம். குட்பெரி மந்திரம் பத்துப் பழம் கொடுக்கும். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள். மற்றவர்கள் பசியை ஐந்து வெள்ளிக் காசுக்கு உலர் உணவு வாங்கித் தீர்த்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டுப் பிரச்சினையே இல்லாத உலகத்தில் சாப்பாடு தேடுவதில் வல்லவரை என்ன செய்வது?

காட்டுவழி

பழகிய நிலம் என்ற கருத்தே தவறு என்பதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது, அது விளையாட்டுக்கு வெளியே நடந்தது.

2017 ஜனவரியில் இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி உள்ளூர் உயிரினங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. இருவரும் செங்கல்பட்டுப் பக்கத்துப் புதர்க்காட்டில் பாம்பு பிடித்தவர்கள். அந்தச் சதுப்பை வாழ்நாளில் பார்த்ததில்லை, மொழியும் புதிது. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

2014 விதிப்படி அவர்களுடைய பழகிய நிலம் வேறு, ஆகவே ஃபுளோரிடாவில் அவர்கள் சாதாரண ஆட்கள். நடந்தது அதுவா? புதிய மண்ணில் இறங்கினாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சேற்றில் பதிந்த அடியின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, உதிர்ந்துவிட்டதா. குழியில் நீர் ஊறிவிட்டதா. மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டதா. தடம் பார்க்கிறவர் கையோடு கொண்டுபோவது நிலப்படத்தை இல்லை, இந்தக் கேள்விகளை. அதனால்தான் உருண்டபகடையின் ஐந்து கேள்விகளும் எனக்குப் பிடித்தன. சேதப் பகடையைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

உருண்டபகடை

காட்டுவழி, இதை அச்செடுத்து டிஎம் திரையின் உள்பக்கத்தில் ஒட்டப்போகிறேன்.

விதிவிலக்கு, கணக்குப்பிள்ளை இருவருக்கும்: ஒப்புக்கொள்கிறேன். திருத்தம் இது. சண்டையின் நடுவிலும் தடம் பார்க்கலாம். போனஸ் ஆக்‌ஷனில் கண்ணுக்குத் தெரியும் ஓர் எதிரியை அளந்து பார்த்தால் அவர்மீது ஒரு தடம். எந்தக் காலில் நொண்டுகிறார், எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறார் என்று டிஎம் ஒரு வரி சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தடம்தான் செலவழிக்கலாம். ஆக, சந்துமுனையில் பாய்ந்தாலும் கை வெறுங்கை இல்லை. முன்கூட்டியே தடம் பார்த்தவளுக்கு அந்த போனஸ் ஆக்‌ஷன் மிச்சம்.

கணக்குப்பிள்ளை

நான்கு சுற்று. சுற்றுக்கு ஒரு தடம். இரண்டு தாக்குதலில் ஒன்றாவது படும் வாய்ப்பு 87.75 சதவீதம். இரண்டு ஆறுமுகப் பகடை என்றால் 24.6. மார்க்கைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். கூடாது.

ஒரே ஓர் எண்முகப் பகடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 15.8. மார்க்கைவிடக் கொஞ்சம் குறைவு. பதிலுக்கு மனக்குவிப்பு விடுதலை. இதில் கையெழுத்துப் போடுவேன்.

இரட்டை வாள் பிடிப்பவர்கள் மட்டும் போனஸ் ஆக்‌ஷனுக்காக அழுவார்கள். 2024 வெப்பன் மாஸ்டரியில் நிக் இருக்கிறது, அதை இரவல் வாங்கினால் இரண்டாவது வாள் தாக்குதலோடு சேர்ந்துவிடும். அழுகை நிற்கும்.

சதுப்புநிலச் சின்னப்பொண்ணு

வணக்கம். அந்த அக்கா மகள் நான்தான். மாமா இழையின் இணைப்பைக் குடும்பக் குழுவில் தவறுதலாகப் போட்டுவிட்டு உடனே அழித்துவிட்டார். அதற்குள் நான் திறந்துவிட்டேன்.

மாமா எழுதியதில் ஒன்று தவறு. 'அவ்வளவுதானா' என்று நான் கேட்டது வருத்தத்தில் இல்லை, கோபத்தில். அன்று மாமாவின் கையில் மூன்று பக்கம் இருப்பது எனக்குத் தெரிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. விதியைப் படித்த பிறகு அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. குழுவுக்கு நன்மை செய்யும் விதியை நான் எப்படி மறைப்பது?

பகடை எட்டுமுகமோ ஆறுமுகமோ, முருகன் விட்ட வழி. கேள்விகள் ஐந்துதான் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. 'யாருக்குக் காயம்' என்பதை எப்போது கேட்பது? ஓர்க் கூட்டத்தில் ஒருவருக்கு விரலில் சிராய்ப்பு என்று பதில் வந்தால் ஒரு கேள்வி வீண். அதை எடுத்துவிட்டு, 'இதில் எது பொருந்தவில்லை?' என்று ஒரு கேள்வி வைக்கலாம். நான் எதிர்பார்க்காத ஒன்றை மாமா சொல்ல வேண்டும்.

மூத்த கோப்ளின்

மருமகளே, இங்கே அறுபது ஆண்டு அனுபவத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம், நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். 'எது பொருந்தவில்லை' இருக்கட்டும். காயத்தை எடுத்துவிடுங்கள்.

விதிவிலக்கு

எடுக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி டிஎம்மைப் பரீட்சை எழுத வைக்கும்.

உருண்டபகடை

இரண்டு ஞாயிறு ஆடிப் பார்த்தாயிற்று. இரண்டாவதைச் சொல்கிறேன்.

சதுப்பு நிலம். பல்லி மனிதர்கள் ஒரு கோயில் மணியைத் திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள், குழு பின்தொடர்கிறது. நாணல் ஒடிந்த இடத்தில் மருமகள் நின்றாள். சோதனையில் 19 விழுந்தது. இரண்டு கேள்வி.

'எதைச் சுமந்துகொண்டு போனார்கள்?' நான்கு ஜோடி அடிகள் என்றேன். இரண்டு ஆழமானவை, ஒன்றன் பின் ஒன்றாக ஒரே சீரான அகலத்தில் போகின்றன. மற்ற இரண்டும் இலேசானவை, அங்கங்கே விலகி மீள்கின்றன. காவடி போலக் கழியில் கட்டித் தூக்கிப்போகிறார்கள் என்று அவளே சொன்னாள். தூக்குகிறவர்கள் சட்டென்று ஆயுதம் எடுக்க முடியாது என்பதையும் அவளேதான் சொன்னாள். நான் அதை யோசித்திருக்கவில்லை.

'எது பொருந்தவில்லை?' இங்கே நான் திணறினேன். தாளில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு காய்ந்த மேடு, சும்மா அழகுக்கு வரைந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: பாரம் தூக்குகிறவர்கள் காய்ந்த தரையில்தான் நடப்பார்கள், இவர்களோ மேட்டைச் சுற்றிக்கொண்டு இடுப்பளவுச் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள்.

மேசையில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மேட்டில் என்ன இருக்கிறது? கேள்வி வரும்வரை எனக்கே தெரியாது. இருபது நிமிட விவாதத்துக்குப் பிறகு மேட்டுக்கு மறுபக்கம் போய்ப் பந்தம் கொளுத்தி, பல்லி மனிதர்களைத் துரத்தி மேட்டின்மேல் ஏற்றினார்கள். அதற்குள் நான் அங்கே ஒரு ஹைட்ராவை (பல தலைப் பாம்பு அரக்கன்) படுக்க வைத்திருந்தேன். மணி மட்டும் கீழே கிடந்தது.

மொத்தச் சண்டை ஒன்றரைச் சுற்று. முடிந்தபோது மருமகள் கையில் இரண்டு தடமும் செலவழியாமல் இருந்தன. தடத்துக்குப் புளியங்கொட்டை வைத்திருக்கிறோம். அதை உருட்டிக்கொண்டே, 'அடுத்த வாரத்துக்கு ஆகுமா மாமா?' என்றாள். ஆகாது, ஆட்கள் செத்துவிட்டார்கள் என்றேன்.

விதிவிலக்கு

ஆட்டம் நன்றாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் விதியில் 'பதில் உண்மையாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நீங்கள் சொன்னது அந்த நிமிடம் பிறந்த உண்மை. அவள் தடத்தைப் படிக்கவில்லை, உங்கள் கைப்பிடித்து எழுத வைத்தாள். ரேஞ்சர் கேட்டதால் ஹைட்ரா வந்தது. கேட்காமல் இருந்தால் மேடு வெறும் மேடு. இது தடம் பார்க்கும் திறனா, உலகத்தை மாற்றும் மந்திரமா?

காட்டுவழி

வாதம் சரி. ஆனால் டிஎம் முன்கூட்டி எழுதி வைத்ததும் யாரோ ஒருவர் ஒரு மாலையில் இட்டுக்கட்டியதுதானே? நான்கு நாள் முன்பு இட்டுக்கட்டினால் உண்மை, நான்கு நொடி முன்பு என்றால் பொய்யா?

விதிவிலக்கு

நான்கு நாள் முன்பு எழுதியதை டிஎம் மாற்ற முடியாது என்று ஆட்டக்காரர் நம்பலாம். அந்த நம்பிக்கைதான் வேட்டையின் ருசி. தவறான பக்கம் போனால் தவறு என்று இருக்க வேண்டும்.

உருண்டபகடை

இதை இரண்டு நாள் யோசித்தேன். இருவர் சொல்வதிலும் பாதியை எடுத்துக்கொள்கிறேன். முதல் நான்கு கேள்விகளுக்கும் விடையை ஆட்டத்துக்கு முன்பே ஓர் அட்டையில் எழுதிவிடுவேன்: எத்தனை, எப்போது, என்ன பாரம், எதற்குப் பயம். எதிரிக் கூட்டத்துக்கு ஓர் அட்டை. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை மாற்ற மாட்டேன். 'எது பொருந்தவில்லை' மட்டும் திறந்த கதவு. ஒரு தடயத்துக்கு ஒரு முறைதான், சோதனையில் நன்றாகத் தேறினால்தான். அதற்கு வரும் பதில் உண்மையாகிவிடும், பிறகு நானும் அதற்குக் கட்டுப்பட்டவன்.

ஒரு வரியில் தகவல் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் என்னை எவ்வளவு மாற்றிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எதிரிகளின் உயிர்ப்புள்ளியும் கவச எண்ணும் எழுதுவேன். இப்போது அவர்கள் காலையில் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை

ஓட்டை ஒன்று. தடத்தின் எண்ணிக்கைக்குத் தேர்ச்சி போனஸ் என்றீர்கள். தேர்ச்சி போனஸ் மொத்த நிலையைப் பார்த்து ஏறும், ரேஞ்சர் நிலையைப் பார்த்து இல்லை. 16 நிலை ரோக் (திருடர் வகுப்பு) ஒருவர் ஒரே ஒரு நிலை ரேஞ்சர் எடுத்தால் ஆறு தடமும் அவருக்கு. ஏற்கெனவே சர்வைவலில் இரட்டைத் தேர்ச்சி எடுத்திருந்தால் உங்கள் மருமகளைவிட நன்றாகத் தடம் பார்ப்பார்.

ரேஞ்சர் நிலைக்குக் கட்டுங்கள். 1இல் இரண்டு, 5இல் மூன்று, 9இல் நான்கு, 13இல் ஐந்து, 17இல் ஆறு. எண் அதேதான், கதவு மட்டும் பூட்டப்படுகிறது.

உருண்டபகடை

பூட்டியாயிற்று. நன்றி.

ஓரமாய் ஓர்க்

இதைப் புத்தகமாக வெளியிட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமா?

மூத்த கோப்ளின்

வராது, எல்லைக்குள் நின்றால். 2023 ஜனவரியில் அடிப்படை விதித் தொகுப்பை, அதாவது எஸ்ஆர்டி 5.1ஐ, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். ரேஞ்சர் அதில் உண்டு, ஹன்டர் உட்பிரிவும் உண்டு. பீஸ்ட் மாஸ்டர் இல்லை. ஆகவே உன் நண்பனின் ஓநாய் அங்கேயும் வெளியேதான் நிற்கிறது.

உருண்டபகடை

இப்போதைய நிலவரம்: தடம், கேள்வி ஐந்து, அட்டை முறை, எண்முகப் பகடை, ரேஞ்சர் நிலைக்கு ஏற்ற எண்ணிக்கை. இரண்டு கேடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விதியை மாற்றாமல் வைத்திருக்கிறேன். மேசையில் எல்லோருக்கும் அதுதான் மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்று தெரியவில்லை. ஹன்டர்ஸ் மார்க் மந்திரப் பட்டியலில் இருக்கும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். 20ஆம் நிலைக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரே சிக்கல், மணியை மீட்ட பிறகு குழு மறுபடியும் கப்பலேறப் போகிறதாம். ஒரு கொள்ளைக் கப்பலைத் துரத்துகிறார்கள். கடலில் எங்கே தடம் பார்ப்பது?

மூத்த கோப்ளின்

கடலில் தடம் இல்லை என்று யார் சொன்னது? சமையல் கழிவைக் கடலில் கொட்டுவார்கள், பழத்தோல் மிதக்கும், அதன் பின்னால் கடற்பறவை வரும். உடைந்த பீப்பாய்ப் பலகை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்த்தால் எத்தனை நாளானது என்று தெரியும். ஆட்களைக் கடலில் இறக்கியிருந்தால் சுறா வரும். பொருந்தாத ஒன்று வேண்டுமென்றால், கொள்ளைக்காரர்கள் நல்ல குடிதண்ணீர்ப் பீப்பாயை முழுசாகத் தூக்கிப்போட்டிருக்கிறார்கள் என்று சொல். ஏன் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

சதுப்புநிலச் சின்னப்பொண்ணு

கோப்ளின் தாத்தா, நன்றி. பீப்பாயில் தண்ணீர் இருக்காது, அதற்குள் யாரோ ஒளிந்திருப்பார்கள். மாமா, இதையும் நான் படித்துவிட்டேன் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஏதாவது யோசித்து வையுங்கள்.